ஒரு கலம் நெல் எத்தனை கிலோ?

ஒரு மைல் எத்தனை கிலோமீட்டர், ஒரு பவுண்டு எத்தனை கிராம் என்று போனில் கேட்டால் நொடியில் பதில் வந்துவிடும். ஒரு கலம் நெல் எத்தனை கிலோ என்று கேட்டுப் பாருங்கள். ஆளுக்கு ஒரு எண் சொல்வார்கள். பெரியவர்களைக் கேட்டால், "எந்த ஊர் மரக்கால்?" என்று திருப்பிக் கேட்பார்கள். அந்தத் திருப்பிக் கேட்கிற கேள்விதான் சரியான பதில் என்பது என் கட்சி. ஏன் என்று பார்க்கலாம்.

மைலும் கிலோமீட்டரும் ஒரே ஜாதி, இரண்டுமே நீளம். பவுண்டும் கிராமும் எடை. ஆனால் கலம் என்பது கன அளவு, கிலோ என்பது எடை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக நடுவில் ஒரு பாலம் வேண்டும். அந்தப் பாலத்துக்குப் பெயர் அடர்த்தி. ஒரு லிட்டருக்கு இத்தனை கிலோ, அவ்வளவுதான்.

கடையில் எண்ணெய் பாக்கெட்டைப் பார்த்திருப்பீர்கள். 1 லிட்டர் என்று போட்டு, பக்கத்தில் 910 கிராம் என்றும் போட்டிருக்கும். அந்த 0.91தான் எண்ணெயின் அடர்த்தி. லிட்டரில் வாங்கி கிலோ என்று நினைத்துக்கொண்டால் 90 கிராம் காணாமல் போகும்.

என் தொழிலில் இதை டைப் கன்வர்ஷன் என்போம். ஒரு வகை எண்ணை இன்னொரு வகையாக மாற்றும்போது அது வெளிப்படையாக நடக்க வேண்டும். சத்தமில்லாமல் உள்ளே நடந்தால் எங்கோ ஒரு பக் உட்கார்ந்திருக்கும். நம் ஊர் நெல் கணக்கில் இந்த மாற்றம் பல நூறு வருஷமாகச் சத்தமில்லாமல் நடந்திருக்கிறது.

தண்ணீர் சுலபம், நெல் சுலபமில்லை

முதலில் அடர்த்தியின் அலகுகளை மாற்றுவது பற்றி ஒரு வார்த்தை. அதில் சிக்கலே இல்லை. கன அடிக்கு 1 பவுண்டு என்பது கன மீட்டருக்கு 16.02 கிலோ. ஒரு லிட்டருக்கு ஒரு கிலோ என்பதும், ஒரு கன மீட்டருக்கு 1000 கிலோ என்பதும், ஒரு கன சென்டிமீட்டருக்கு ஒரு கிராம் என்பதும் ஒன்றேதான். பெருக்கினால் போதும்.

லால்பேட்டையை எடுத்துக்கொள்வோம். வீராணம் ஏரிக்கரை ஊர், காட்டுமன்னார்கோயிலுக்கு அருகே. கொள்ளிடத்தில் கீழணையிலிருந்து வடவாறு வழியாக ஏரிக்குத் தண்ணீர் வருகிறது. ஏரியின் முழுக் கொள்ளளவு 1465 மில்லியன் கன அடி. இதை டன்னாக மாற்றணுமா? ஒரு கன அடி 28.3 லிட்டர். ஆக ஏரி நிறைந்தால் சுமார் 4.15 கோடி கன மீட்டர். தண்ணீர் என்பதால் அதுவே 4.15 கோடி டன். இரண்டு வரியில் முடிந்தது. ஏனென்றால் தண்ணீரை எந்த ஊரில் எந்தப் பாத்திரத்தில் ஊற்றினாலும் அதன் அடர்த்தி ஏறக்குறைய ஒன்றுதான். குவித்து ஊற்ற முடியாது, அமுக்கி ஊற்றவும் முடியாது.

அதே ஊரில் வெற்றிலைக் கொடிக்கால்களும் உண்டு. வெற்றிலை கவுளிக் கணக்கில் போகிறது, அதாவது எண்ணிக்கை. அங்கே அடர்த்திக்கு வேலையே இல்லை.

ஏரித் தண்ணீர் பாயும் வயலில் விளையும் நெல்தான் தொல்லை. நெல் திடப்பொருள், ஆனால் தண்ணீர் மாதிரி ஊற்றலாம். ஊற்றினால் மணிக்கு மணி இடைவெளி விட்டு நிற்கும். அந்த இடைவெளியில் இருப்பது காற்று. மரக்காலில் நாம் அளப்பது நெல்லையும் காற்றையும் சேர்த்து. எவ்வளவு காற்று என்பது நெல் ரகம், பதர், ஈரம், கொட்டுகிற வேகம், கொட்டுகிற கை எல்லாவற்றையும் பொறுத்தது. சன்ன ரகம் ஒரு மாதிரி, மோட்டா ரகம் ஒரு மாதிரி. பதர் கலந்தால் மரக்கால் நிறையும், எடை நிறையாது.

ஒரு எண் வேண்டுமே? அமெரிக்காவில் நெல்லுக்கு ஒரு புஷல் என்றால் 45 பவுண்டு என்று வைத்திருக்கிறார்கள். புஷல் என்பது 35.24 லிட்டர். கணக்குப் போட்டால் லிட்டருக்கு 0.58 கிலோ. நம் நெல்லும் இதைச் சுற்றித்தான் வரும், கொஞ்சம் கூட, கொஞ்சம் குறைய. தீட்டிய அரிசிக்கு சுமார் 0.8. இந்த இரண்டு எண்களையும் கையில் வைத்துக்கொண்டால் பல பழைய கணக்குகளைச் சோதிக்கலாம்.

மரக்காலுக்குப் பெயர் வைத்த சோழர்கள்

வீராணம் ஏரி முதலாம் பராந்தக சோழன் காலத்தது, 10 ஆம் நூற்றாண்டு. அவனுடைய வீரநாராயணன் என்ற பட்டப்பெயர்தான் தேய்ந்து வீராணம் ஆனது. அந்தக் கால நெல் கணக்கு முழுக்கக் கன அளவு:

2 ஆழாக்கு = 1 உழக்கு
2 உழக்கு = 1 உரி
2 உரி = 1 நாழி
8 நாழி = 1 குறுணி (மரக்கால்)
2 குறுணி = 1 பதக்கு
2 பதக்கு = 1 தூணி
3 தூணி = 1 கலம்

ஆக ஒரு கலத்துக்கு 12 மரக்கால், 96 நாழி. இந்த விகிதம் உறுதியாக நின்றது. அடிப்படை மரக்கால் எவ்வளவு பெரிது என்பதுதான் ஊருக்கு ஊர் மாறியது.

அவர்களுக்கு இது தெரியும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல்லை இத்தனை கலம் என்று மட்டும் எழுதி விடவில்லை. ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்தது, அது ராஜகேசரி என்ற மரக்காலுக்குச் சமம் என்று சேர்த்தே வெட்டியிருக்கிறார்கள். இன்றைய பாஷையில் சொன்னால் யூனிட்டோடு அதன் ஸ்டாண்டர்டையும் டாக்குமெண்ட் பண்ணியிருக்கிறார்கள். ஆயிரம் வருஷம் கழித்து வரும் ஸ்ப்ரெட்ஷீட்டுகளில் இந்த ஒழுக்கம் பாதிகூட இல்லை.

இன்னொரு சுவாரசியமான விஷயம். நெல்லைக் குத்தி அரிசியாக்கும் கணக்கு சோழர் கல்வெட்டுகளில் அஞ்சிரண்டு வண்ணம் என்று வருகிறது. ஐந்து பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி, அதாவது 40 சதவீதம். இன்று அரவை ஆலைக்கு மத்திய அரசு வைத்திருக்கும் அளவு பச்சரிசிக்கு 67 சதவீதம், புழுங்கலுக்கு 68. அடேயப்பா, சோழர் காலத்தில் இவ்வளவு சேதாரமா என்று தோன்றும்.

அவசரப்படக் கூடாது. சோழர் சொல்வது கன அளவு விகிதம், நாம் சொல்வது எடை விகிதம். மாற்றிப் பார்ப்போம்.

100 லிட்டர் நெல் = 58 கிலோ.
அஞ்சிரண்டு வண்ணத்தில் 40 லிட்டர் அரிசி = 32 கிலோ.
32 ÷ 58 = 55 சதவீதம்.

இடைவெளி 27 புள்ளியிலிருந்து 12 புள்ளியாகச் சுருங்கிவிட்டது. மிச்சம் உள்ள வித்தியாசத்துக்கு உலக்கைக் குத்தல், நொய், கோயிலுக்கு வேண்டிய முழு அரிசியைப் பொறுக்கி எடுப்பது என்று காரணம் தேடலாம். முதல் 15 புள்ளிக்குக் காரணம் வெறும் அடர்த்தி.

இதையே தலைகீழாகப் போடுங்கள். இன்றைய 67 சதவீதத்தில் 58 கிலோ நெல் கொடுப்பது 38.9 கிலோ அரிசி, அது 48.6 லிட்டர். அதாவது கன அளவில் கிட்டத்தட்ட பாதி. ஒரு மரக்கால் நெல்லுக்கு அரை மரக்கால் அரிசி என்று வீட்டில் சொல்லும் கணக்கும், மூணுல ரெண்டு பங்கு என்று மில்காரர் சொல்லும் கணக்கும் சண்டை போடவே இல்லை. ஒருத்தர் மரக்காலில் பேசுகிறார், இன்னொருத்தர் தராசில் பேசுகிறார்.

கரிசையில் ஒளிந்திருக்கும் அரிசி

கம்பெனி ஆட்சி வந்தபோது ஆங்கிலேயர்களுக்கு இந்தக் கன அளவு பெரிய தலைவலி. அவர்கள் வணிகக் கையேடுகளில் சென்னைக் கணக்கை இப்படிப் பதிவு செய்தார்கள்: 8 படி ஒரு மரக்கால், 5 மரக்கால் ஒரு பறை, 80 பறை ஒரு கரிசை. ஆக ஒரு கரிசைக்கு 400 மரக்கால். மரக்கால் 750 கன அங்குலம். அதில் நல்ல தண்ணீர் ஊற்றினால் 27 பவுண்டு 2 அவுன்ஸ் 2 டிராம் நிற்க வேண்டும்.

தண்ணீர் வைத்து அளவை உறுதி செய்தது புத்திசாலித்தனம். நானும் சரிபார்த்தேன். 750 கன அங்குலம் 12.29 லிட்டர். அந்தத் தண்ணீர் எடை 12.3 கிலோ. ஒத்துப்போகிறது.

அதே கையேடுகள் அடுத்த வரியில் சொல்வது: தானியத்தை எடை போட்டு விற்றால் ஒரு கரிசைக்கு 9256½ பவுண்டு.

எந்தத் தானியம்? சொல்லவில்லை. ஆனால் எண்ணே காட்டிக்கொடுக்கும்.

ஒரு கரிசை = 400 × 12.29 = 4916 லிட்டர்.
9256½ பவுண்டு = 4199 கிலோ.
அடர்த்தி = லிட்டருக்கு 0.85 கிலோ.

நெல் 0.58. அரிசி 0.8. இந்த எண் அரிசிப் பக்கம் நிற்கிறது, நெல்லுக்கு அருகில்கூட வரவில்லை. மரக்காலைக் குவித்து அளந்தால் நெல்லுக்கே 0.85 வராதா என்று கேட்கலாம். நல்ல கேள்வி, அடுத்த பகுதியில் பார்ப்போம். பதில் வராது என்பதுதான்.

இது ஏன் முக்கியம்? பழைய ஆவணத்தில் ஒரு தாலுகாவில் 1000 கரிசை நெல் விளைந்தது என்று இருக்கிறது என வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் அகராதியைப் புரட்டி, ஒரு கரிசை 9256½ பவுண்டு என்று பார்த்து, 4199 டன் என்று எழுதிவிடுகிறார். நெல்லின் அடர்த்தியை வைத்துப் போட்டால் 2850 டன்தான். 47 சதவீதம் கூடுதல். அந்த எண்ணை வைத்து ஏக்கருக்கு விளைச்சல், தலைக்கு உணவு, வரிச்சுமை எல்லாம் கணக்கிட்டால் மொத்தக் கதையே மாறிவிடும். அந்தக் காலத்துக் குடியானவன் வளமாக இருந்தான் என்றோ, வரி லேசாக இருந்தது என்றோ முடிவு கட்ட இந்த ஒரு தவறான பாலம் போதும்.

குவிப்பா, தலைதட்டா?

மரக்காலைத் தலைதட்டி அளக்கலாம், விளிம்போடு ஒரு குச்சியை ஓட்டி. அல்லது குவித்து அளக்கலாம், நெல் தானாகச் சரியும் வரை. குவிப்பில் எவ்வளவு கூடும்? இதற்கு பத்தாம் வகுப்புக் கணக்கு போதும்.

நெல்லைக் கொட்டினால் அது ஒரு கூம்பாக நிற்கும். சரிவு சுமார் 36 பாகை. கூம்பின் கன அளவை உருளையின் கன அளவால் வகுத்தால், பாத்திரத்தின் ஆரத்தை உயரத்தால் வகுத்து அதை 0.24 ஆல் பெருக்கியது கிடைக்கும்.

பாத்திரத்தின் விட்டமும் உயரமும் சமம் என்றால் குவிப்பு 12 சதவீதம்.
விட்டம் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு என்றால் 24 சதவீதம்.

கவனியுங்கள். இரண்டு பாத்திரமும் தலைதட்டினால் ஒரே லிட்டர்தான். அதிகாரி வந்து தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் இரண்டுமே பாஸ். முத்திரையும் குத்திவிடுவார். ஆனால் வாய் அகன்ற மரக்கால் குவிப்பில் இன்னொரு 12 சதவீதம் வாங்கிவிடும். சட்டப்படி சரியான பாத்திரத்தை வைத்துக்கொண்டே எட்டு கலத்துக்கு ஒரு கலம் கூடுதலாக எடுக்க முடியும்.

இப்போது முந்தைய கேள்வி. நெல்லைக் குவித்து 0.85 கொண்டுவர 47 சதவீதக் குவிப்பு வேண்டும். அதற்கு விட்டம் உயரத்தைப் போல் நாலு மடங்கு இருக்கணும். அது மரக்கால் இல்லை, தாம்பாளம். ஆகவே கரிசைக்குள் இருப்பது நெல் இல்லை.

கூலிக்கு வருவோம். அறுவடைக் கூலி கலத்துக்கு இத்தனை மரக்கால் என்று விகிதமாக இருந்தால், பாத்திரம் சிறிதோ பெரிதோ பாதகமில்லை. பன்னிரண்டில் ஒன்று என்பது எந்தப் பாத்திரத்திலும் பன்னிரண்டில் ஒன்றுதான். இரண்டையும் ஒரே பாத்திரத்தால் ஒரே மாதிரி அளக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. களத்தில் சண்டை வந்ததெல்லாம் அந்த நிபந்தனை உடைந்தபோதுதான்: வாங்க ஒரு மரக்கால், கொடுக்க ஒரு மரக்கால். வாங்கும்போது குவிப்பு, கொடுக்கும்போது தலைதட்டு. நாள் கூலி இத்தனை படி என்று நிலையான எண்ணாக இருந்தாலோ விகிதத்தின் பாதுகாப்பும் போய்விடும். படி எவ்வளவு பெரிது என்பதே கூலி.

1968 டிசம்பர் 25 அன்று கீழ்த்தஞ்சையின் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கேட்டது அரைப்படி நெல் கூடுதல் கூலி என்று நினைவுகூரப்படுகிறது. அரைப்படி என்பது எவ்வளவு? மேலே சொன்ன சென்னைப் படி சுமார் 1.54 லிட்டர். பாதி 0.77 லிட்டர். நெல்லில் 450 கிராம். அரிசியாக்கினால் சுமார் 300 கிராம். ஒரு ஆளின் ஒரு நாள் சோறு. அலகை மாற்றிப் பார்த்தால்தான் எதற்காக என்பது உறைக்கிறது.

பள்ளிவாசலில் அதே கணக்கு

லால்பேட்டை முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர், அரபுக் கல்லூரி உள்ள ஊர். வயலில் பார்த்த அதே சிக்கல் அங்கே ஒவ்வொரு ரமலான் கடைசியிலும் வேறு வாசல் வழியாக வருகிறது: ஃபித்ரா.

பெருநாள் தொழுகைக்கு முன் ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டிய தானியம் ஃபித்ரா. அதன் அளவு ஸாஉ. ஸாஉ என்பது நம் மரக்கால் மாதிரி ஒரு முகத்தல் அளவு, நாலு முத் சேர்ந்தது ஒரு ஸாஉ. இன்று கடையில் யாரும் ஸாஉ வைத்திருப்பதில்லை, கிலோவில்தான் அறிவிக்க வேண்டும். அப்போது பாலம் வேண்டும், அடர்த்தி வேண்டும். அந்த அடர்த்தி பேரீச்சம்பழத்துக்கு ஒன்று, வாற்கோதுமைக்கு ஒன்று, கோதுமைக்கு ஒன்று, அரிசிக்கு ஒன்று.

இந்தப் பிரச்சினையை மார்க்க அறிஞர்கள் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே தெளிவாகப் பார்த்திருக்கிறார்கள். ஸாஉ எட்டு ராத்தல் என்பது இமாம் அபூ ஹனீஃபா வழி. ஐந்தே மூன்றில் ஒன்று ராத்தல் என்பது மதீனாவின் வழி. (நம் தமிழில் ராத்தல் என்று பவுண்டைச் சொன்னோமே, அது இந்த அரபுச் சொல்தான்.) அபூ ஹனீஃபாவின் மாணவர் அபூ யூசுஃப் மதீனா போனபோது, அங்கே குடும்பங்களில் வழிவழியாகப் பாதுகாத்த ஸாஉ பாத்திரங்களைக் கொண்டுவரச் செய்து அளந்து பார்த்து, தன் கருத்தை மாற்றிக்கொண்டார் என்பது பிரபலமான செய்தி. ஆவணத்தை நம்பாமல் பாத்திரத்தைக் கொண்டு வா என்றவர். ஆராய்ச்சி செய்கிறவர்கள் எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும்.

ஹனஃபி நூல்களில் இன்னொரு நுட்பம். பாத்திரத்தின் அளவை எடையால் சொல்வதென்றால், எந்தத் தானியத்தால் நிரப்பிச் சொல்வது? மைசூர் பருப்பு போன்ற, மணிக்கு மணி அதிகம் வேறுபடாத தானியத்தால் என்கிறார்கள். இது லேபில் சொல்கிற காலிபிரேஷனேதான். 13 ஆம் நூற்றாண்டில் ஷாஃபிஈ அறிஞர் நவவியும், தானியத்துக்குத் தானியம் எடை மாறுவதால் ராத்தல் கணக்கு தோராயம்தான், அசல் அளவு பாத்திரமே என்று விளக்கியிருக்கிறார்.

இந்தியாவில் ஹனஃபி வழியில் கோதுமைக்கு அரை ஸாஉ. இதற்கு இரண்டு எண்கள் புழங்குகின்றன: 1 கிலோ 633 கிராம், 2 கிலோ 45 கிராம். வித்தியாசம் 400 கிராமுக்கு மேல். வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பிரிவுச் சண்டை மாதிரி தெரியும். உள்ளே போய்ப் பார்த்தால் பௌதிகம்.

முதல் எண் 140 தோலா. தோலா என்பது பிரிட்டிஷ் வெள்ளி ரூபாயின் எடை, 11.664 கிராம். 140 × 11.664 = 1633. எடையாகவே கணக்கிட்டு வந்த எண்.

இரண்டாவது எண்ணின் பின்னால் ஒரு சோதனை இருக்கிறது. பரேலியைச் சேர்ந்த அஹ்மத் ரிஸா கான் (1856–1921) அரை ஸாஉ என்பதை 144 ரூபாய் எடை வாற்கோதுமை கொள்ளும் பாத்திரம் என்று எடுத்தார். அதே பாத்திரத்தில் கோதுமையை நிரப்பி எடை போட்டார். 175½ ரூபாய் எடை வந்தது. 175.5 × 11.664 = 2047 கிராம். அதைத்தான் ரவுண்டாக 2 கிலோ 45 என்கிறோம்.

இந்தச் சோதனை சரியா என்று அமெரிக்கப் புஷலை வைத்துப் பார்த்தேன். அங்கே வாற்கோதுமைப் புஷல் 48 பவுண்டு, கோதுமை 60 பவுண்டு. விகிதம் 1.25. பரேலியில் வந்த விகிதம் 175.5 ÷ 144 = 1.22. பிரமாதமான ஒற்றுமை. தராசும் பாத்திரமும் மட்டும் வைத்து இரண்டு தானியங்களின் அடர்த்தி விகிதத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்.

144 ரூபாய் எடை என்பது 1680 கிராம். 1633க்கு மிகப் பக்கம். ஆக இரண்டு எண்களுக்கும் இடையில் உள்ள 414 கிராமில் 367 கிராம், வாற்கோதுமையால் அளந்த பாத்திரத்தில் கோதுமையைப் போட்டதால் வருவது. எந்த எண்ணைப் பின்பற்றுவது என்பது மார்க்கத் தீர்ப்பு, அதில் நான் தலையிடவில்லை. வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் காட்டுகிறேன்.

அலகு மாறியது, பேரம் இடம் மாறியது

1956 எடை அளவைச் சட்டத்துக்குப் பிறகு, 1958 அக்டோபர் 1 முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாக வந்தன. 1962 ஏப்ரல் 1 முதல் எடைக்கு மெட்ரிக் மட்டுமே. மரக்கால் அதிகாரபூர்வமாகப் போனது. நெல் தராசுக்கு ஏறியது. கலம் மூட்டையானது, மூட்டை கிலோவானது.

இதில் பெரிய நன்மை உண்டு. கிலோவைக் குவிக்க முடியாது. வாய் அகன்ற கிலோ என்று ஒன்று கிடையாது. பதர் சேர்த்தால் எடை ஏறாது. மரக்காலில் நடந்த பாதித் தில்லுமுல்லு அன்றோடு முடிந்தது.

ஆனால் தராசுக்கு வேறொரு கண் குருடு. தண்ணீரையும் அது நெல் என்றே நிறுக்கும். மரக்கால் காற்றை அளந்தது, தராசு ஈரத்தை அளக்கிறது. அதனால்தான் அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் தராசுக்கு முன்னாலேயே ஈரப்பதக் கருவி நிற்கிறது. 17 சதவீதத்துக்குள் இருக்கணும். சம்பா அறுப்பில் ஒரு மழை பெய்தால் இதுதான் பேச்சு. 22 வரைக்கும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று டெல்டா விவசாயிகள் கேட்பதும், சில பருவங்களில் மத்திய அரசு ஓரளவு தளர்த்துவதும் செய்தித்தாளில் பார்க்கிறோம்.

எவ்வளவு பணத்தைப் பற்றிய பேச்சு இது? 40 கிலோ மூட்டையை எடுப்போம். 22 சதவீத ஈரத்தில் அதில் காய்ந்த பொருள் 31.2 கிலோ. 17 சதவீதத்துக்குக் காயவைத்தால் அதே நெல் 37.6 கிலோவாக இறங்கும். மூட்டைக்கு 2.4 கிலோ. வாங்குபவர் பக்கம் நின்றால் தண்ணீருக்குக் காசு. விற்பவர் பக்கம் நின்றால், காயவைக்கக் களம் இல்லாமல் தார் ரோட்டில் கொட்டி, மேகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிற இரண்டு நாள். இரண்டுமே உண்மை. முன்பு மரக்காலின் விளிம்பில் நடந்த பேரம் இப்போது கருவியின் திரையில் நடக்கிறது.

பழைய நெல் கணக்கைப் படிக்கும்போது

கல்வெட்டோ, கம்பெனி ஆவணமோ, வீட்டுப் பழைய கணக்குப் புத்தகமோ, கலத்தை கிலோவாக்கும் முன் நாலு கேள்வி கேளுங்கள்.

1. எந்த மரக்கால்? ஊர், காலம், பெயர்.
2. நெல்லா, அரிசியா?
3. தலைதட்டா, குவிப்பா?
4. களத்து மேட்டு ஈர நெல்லா, காய்ந்த நெல்லா?

நாலுக்கும் பதில் கிடைக்காவிட்டால் பரவாயில்லை. எந்த அடர்த்தியை எடுத்தீர்கள் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். ஆடவல்லான் மரக்கால் என்று கல்லில் வெட்டியவர்கள் செய்தது அதைத்தான். பின்னால் வருகிறவர் வேண்டுமானால் எண்ணைத் திருத்திக்கொள்ளட்டும்.

பரணில் பழைய மரக்காலோ படியோ கிடந்தால், பேரீச்சம்பழக்காரரிடம் போடுவதற்கு முன் ஒரு மணி நேரம் செலவழியுங்கள். உள்ளே ஒரு பிளாஸ்டிக் கவரை விரித்து, லிட்டர் பாட்டிலால் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி எத்தனை லிட்டர் என்று குறியுங்கள். விட்டத்தையும் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். பிறகு காய்ந்த நெல்லைத் தலைதட்டி ஒரு தடவை, குவித்து ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள். யார் வீட்டு மரக்கால், எந்த ஊரில் புழங்கியது என்பதையும் சேர்த்து எழுதி வையுங்கள். அந்த ஊர்க் கலம் எத்தனை கிலோ என்பதற்கு அகராதியைவிட அந்தத் தாள் நம்பகமானது.